ஆறு வாரம்

ஆறு வாரம் என்றார் கோய்,
வாசல் குழாயில் கை கழுவிக்கொண்டே.
முன்னால் ஒரு சுவர், அதில் ஒரு சன்னல்,
மூலையில் சின்னதாய்க் குளியலறை.
கூரைதான் ஏற்கெனவே இருக்கிறதே.
விருந்தினர் அறையா என்று கேட்டார்.
ஆமாம் என்றேன்.
கெலுகோரில் எங்கள் வரிசைக்கு
விருந்தாளி வந்து ரொம்ப நாளாகிறது.

வீட்டை விற்க முடியாது.
கடன் பத்திரத்தில் இரண்டு கையெழுத்து,
இன்னும் பதினான்கு வருடம்.
பிரிவது என்று ஆனபின்
யார் எங்கே என்று ஒரு தாளில்
கோடு போட்டாள் அமுதவல்லி.
கோட்டுக்கு அந்தப் பக்கம்
கார் நிற்கும் இடம்.
என் சட்டைப் பையிலிருந்த பேனாவை
வாங்கித்தான் போட்டாள்.

வரைபடத்துக்கு ஐந்து வாரம்.
மாநகராட்சி அதைத் திருப்பி அனுப்ப ஏழு.
கழிவுநீர் எந்தப் பக்கம் போகும் என்று காட்டவில்லையாம்.
பக்கத்து வீட்டு ரம்லியும் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும்.
ஸ்டோர் ரூம் என்றேன்.
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்,
குளியலறை வைத்த ஸ்டோர் ரூமை.
ஒன்றும் கேட்காமல் கையெழுத்திட்டார்.
கிளம்பும்போது
ஒரு சீப்பு பீசாங் மாஸ் கொடுத்தனுப்பினார்.

சீனப் பெருநாளுக்கு வேலை நின்றது.
மதுராவிலிருந்து வந்த சுலாமட்டும் அவர் மச்சானும்
நோன்புப் பெருநாளுக்குக் கப்பலேறினார்கள்.
மச்சான் மட்டும் திரும்பினான்.
செங்கல் இடுப்பளவில் நின்றது இரண்டு மாதம்.
அத்தனை நாளும் நான் ஹாலில், சோபாவில்.
சுவர் வளராத வரைக்கும்
இன்னும் முடிவெடுக்காதவர்கள் போல
ஒரே குக்கரில் சோறு வைத்தோம்.
சீக்கிரம் முடியுங்கள் என்று
கோய்க்கு அவள் போன் செய்வாள்.
அவசரமில்லை என்று
பின்கட்டில் நின்று நான் செய்வேன்.

கார் போர்ச்சின் தரை தட்டை இல்லை, தெரியுமா?
மழைத்தண்ணீர் சாக்கடைக்குப் போக
நாலு அங்குலம் வாசல் பக்கம் சரிந்திருக்கும்.
சிமெண்டு கொட்டி மட்டம் பார்த்தார்கள்,
குமிழி நடுவிலேயே நின்றதாம்.
முதல் ராத்திரி
கைதவறி விழுந்த பிரஷர் மாத்திரை
நிதானமாக உருண்டு
கேட் பக்கமே போனது.

பழைய சாகா ஒழுக்கிய எண்ணெய்க் கறை
டைல்ஸுக்கு அடியில் எங்கோ இருக்கிறது.
மழைக்கு முன்னால் வாசனை எழும்பும்.
என் சட்டைகளுக்கும் ஏறிவிட்டது.
நிரோஷினி கதவைத் தட்டி
உள்ளே வரலாமாப்பா என்று கேட்டுவிட்டு
மூக்கைச் சுருக்கிக்கொண்டு வருவாள்.
ஒன்பது வயதுக்கு
இந்த மரியாதையை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று
நான் கேட்கவில்லை.

மொத்தம் பதினொரு மாதம், ஒன்பது நாள்.
மாமியாருக்காகக் கட்டப்போகும் தேவசகாயம்
கேண்டீனில் கேட்டார்,
எவ்வளவு நாளாகும் என்று.
ஆறு வாரம் என்றேன்.
வேறென்ன சொல்வது,
அவர் தேத்தாரிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு.

இப்போது அவளுடைய மைவி
மிச்சமிருக்கும் பதினான்கடியில் நிற்கிறது,
வால் கேட்டை உரச,
மூக்கு என் சன்னலுக்குக் கீழே.
மருந்தகத்தை மூடிவிட்டுப் பத்தரைக்கு வருவாள்.
வெளிச்சம் கம்பி நிழல்களோடு உள்ளே வந்து
போர்வையைத் தாண்டி, அலமாரியைத் தாண்டி,
அந்தப் பக்கம் ஹால் இருக்கும் சுவரில்
கொஞ்ச நேரம் நிற்கும்.
பிறகு அணையும். என்ஜினும் அணையும்.

கார்க் கதவு திறக்கிற சத்தம்
உடனே வருவதில்லை.
காற்றாடியை நிறுத்திவிட்டுக்
கேட்டுக்கொண்டிருப்பேன்.
சில நாள் ஒரு நிமிடம்.
நேற்று ஏழு.