எலும்பு இரும்பு

உடம்பு ஃபைபர், துருவே பிடிக்காது என்றார் ரெமிஜியஸ்.
எலும்பு இரும்பு என்பதை அவர் சொல்லவில்லை.
குனிந்து பார்த்து நானே தெரிந்துகொண்டேன்.
காசிமேட்டில், ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்,
உப்பும் நண்டு ஓடும் காய்கிற இடத்தில்
ஒன்பது வருஷம் நின்ற வண்டி.
ரெண்டே சீட்டு. தார்ப்பாய்க் கூரை.
செய்த கம்பெனி எப்போதோ பூட்டிக்கொண்டு போய்விட்டது.
சிவப்பு என்கிறது ஆர்.சி. புத்தகம்.
வெயில் அதை
வெட்டி ரெண்டு நாளான சூரையின் நிறத்துக்குக்
கொண்டுவந்திருந்தது.

வகாப்பைக் கூட்டிப் போயிருந்தேன்.
புளியந்தோப்பில் அவன் கை படாத இன்ஜின் இல்லை.
பானெட்டைத் திறந்தான். மூடினான்.
மறுபடி திறந்தான்.
"இது வண்டி இல்லக்கா, சம்பந்தி.
எப்ப கோச்சிக்கும்னு தெரியாது.
கோச்சிக்கினா நாமதான் போய்
தட்டு வெச்சி அழைக்கணும்."

சாவி திருகினேன். ஒன்றுமில்லை.
ரெமிஜியஸ் டாஷ்போர்டில் உள்ளங்கையால் ஒரு தட்டு,
கோபமாக அல்ல, முதுகைத் தட்டுவது போல.
பிடித்துக்கொண்டது.
அந்தச் சத்தம்:
தொண்டையில் முள் சிக்கிய ஒருத்தி
சிரிப்பை அடக்க முடியாமல் சிரிப்பது.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு.
பதினைந்து வருஷமாக இதில்தான் வேலைக்குப் போகிறேன்,
ஷேர் ஆட்டோவில், பாதித் தொடை வெளியே.
கன்டெய்னர் யார்டில் மீன் பெட்டிகளின் குளிரை
நோட்டில் எழுதும் வேலை:
மைனஸ் பதினெட்டு, மைனஸ் பதினெட்டு,
மைனஸ் பதினேழரை.
அதே ரோடு. இன்று தலைக்கு மேல் கூரை இல்லை.
ட்ரெய்லர் சக்கரங்கள் என் காதுயரத்தில் சுற்றின.
டிரைவர்கள் ஜன்னலில் எட்டி
கிணற்றுக்குள் பார்ப்பது போல் பார்த்தார்கள்.
எழுபது. எண்பது.
வலப்பக்கம் கருங்கல் குவியல், அப்பால் கடல்.
கண்ணில் தண்ணீர்.
காற்றால்தான்.

தாழங்குப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் அணைந்தது.
இருமவில்லை, முனகவில்லை,
பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்து போவது போல.
பின்னால் வரிசையாக ஹாரன்.
வலை பிரிக்கப் போன ரெண்டு பேர் வந்து தள்ளினார்கள்,
தண்ணி லாரி க்ளீனர் ஒருவன்,
அப்புறம் ஒரு ஸ்கூல் பையன். அவன் தள்ளவில்லை.
எட்டி எட்டி என் வண்டியின் ஹாரனை அடித்தான்.
அது மட்டும் வேலை செய்தது.
'என் வண்டி' என்றா எழுதினேன்?

"எவ்ளோ சொல்றாங்க?"
ரெண்டு இருபது.
"அதுக்கு செகண்டுல ஒரு ஃபைபர் போட்டே வாங்கிடலாமே,
அதுனாச்சும் மீன் கொண்டாரும்."
சொன்னவரின் கை
பக்கவாட்டுக் கண்ணாடியை விடவேயில்லை.

சீட்டுப் பணம்.
தள்ளி எடுத்தது, நஷ்டத்தோடு.
தங்கமா வாங்கிப் போடலாமே என்று வீட்டில் ஒரு குரல்.
மேலே ஒரு ரூம் எடுத்தா வாடகை வருமே.
ஸ்பேர் எங்கே கிடைக்கும், யோசிச்சியா?
எல்லாம் நான்தான்.
வீட்டில் வேறு ஆளில்லை.

ராத்திரி பத்தரைக்கு இஞ்ச் டேப்போடு சந்தில் நின்றேன்.
தண்டையார்பேட்டையில் எங்கள் சந்து
வாயில் ஆறடி, நடுவில் ஐந்தே முக்கால்,
தேவகிருபை வீட்டுத் துவைக்கிற கல்லருகே ஐந்தடி.
வண்டி ஐந்தடி ஓரங்குலம்.
குத்தவைத்து மறுபடி அளந்தேன்,
கல் மனசு மாறியிருக்குமோ என்று.

கதவு திறந்தது. நைட்டிமேல் துண்டோடு தேவகிருபை.
"இன்னாடி குணசுந்தரி, இந்நேரத்துல சந்தை அளக்குற?
பட்டா மாத்தப் போறியா?"
சொன்னேன். வழியில் நின்றுபோனதையும் சொன்னேன்.
கல்லைப் பார்த்தாள். டேப்பைப் பார்த்தாள்.
"ஓடுறதே சந்தேகம்னு நீயே சொல்ற.
மொதல்ல இந்தக் கல்லு வரைக்கும் தள்ளிக்கினு வா.
மீதி அப்புறம் பாக்கலாம்."
கதவைச் சாத்திக்கொண்டாள்.
கல்லை நகர்த்துவேன் என்று சொன்னாளா,
மாட்டேன் என்று சொன்னாளா, தெரியவில்லை.

ரெமிஜியஸுக்கு இன்னும் போன் போடவில்லை.
ஒன்று தொண்ணூறு என்று
கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்க்கிறேன்,
முகத்தில் ஆசை தெரியாதபடி.
மூன்று தடவை.
மூன்றிலும் தெரிகிறது.