நொடிக்கு இருபது

ஜாப் கார்டில் அவர் எழுதச் சொன்னது:
போன சர்வீசுக்குப் பிறகு வண்டி சரியாக நடுங்கவில்லை.
பேனாவை நிறுத்தி மறுபடி கேட்டேன்.
நடுங்கவில்லை என்றுதான் சொன்னார்
தங்கச்சிமடம் கிங்ஸ்டன்,
நண்டுக் கம்பெனிகளுக்கு ஐஸ் போடுகிறவர்.

பட்டணம்காத்தான் பணிமனையில் எனக்கு இது ஏழாம் வருஷம்.
இழுவை இல்லை என்று வருவார்கள், மைலேஜ் இல்லை என்று வருவார்கள்,
உப்பு தின்ற போல்ட்டோடு, மணல் குடித்த பில்டரோடு.
நடுக்கம் இல்லை என்று யாரும் வந்ததில்லை.

ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றேன்.

மூன்று சிலிண்டர், ஆயிரத்து இருநூறு சிசி, ஒரு டர்போ.
காகிதத்தில் நூற்றிருபது குதிரை.
ஆயிரத்து எழுநூறு சுற்றுக்குக் கீழே
அதில் பாதி லாயத்தைவிட்டு வெளியே வராது.
உச்சிப்புளி தாண்டிய நேர்ரோட்டில் மூன்றாம் கியரில் மிதித்தேன்.
ஒரு தயக்கம். எப்போதும் உள்ள தயக்கம்தான்:
என்ஜின் விட்ட மூச்சு போய் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றி,
அந்தச் சுழற்சியில் புதுக்காற்று நெரிந்து உள்ளே ஏறி,
அப்புறம்தான்
முதுகு சீட்டில் ஒட்டியது.
அறுபதிலிருந்து நூறு, ஏழு நொடி. குறை சொல்ல ஒன்றுமில்லை.

பாம்பன் பாலம் ஏறும்போது சோழகம் பக்கவாட்டில் அறைந்தது.
உயரமான வண்டி, ஒரு சாண் வடக்கே நகர்ந்தது.
ஸ்டியரிங்கை அரை விரல் தெற்கே திருப்பிப் பிடித்தபடி
அவரைக் கேட்டேன்:
மீட்டர் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் காட்டுகிறது,
என்ஜின் ஓடியதோ அறுநூற்று நாற்பது மணி நேரம்.
ஸ்கேனர் பொய் சொல்லாது.
பாதி நேரம் எங்கே நிற்கிறது வண்டி?

இறக்கத்தில்தான் பதில் வந்தது.
"பொண்ணு. ஏழு மாசம்.
ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சா இதுலதான் தூங்குவா.
வாசல்ல, தென்னைக்குக் கீழ, கண்ணாடிய இறக்கிவிட்டு
ஸ்டார்ட்ல போட்டுட்டு உக்காந்திருப்போம்.
நாலு மணிக்கு நான் கரைக்குப் போகணும்.
நீங்க என்னமோ மாத்துனீங்க. அதுலேர்ந்து தூங்கல."

மாற்றியது நான்தான்.
வலப்பக்க என்ஜின் மவுண்ட், ரப்பர் வெடித்திருந்தது.
வாரன்டியில் புதுசு போட்டு
கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து அலை வருகிறதா என்று பார்த்து
அன்றைக்கு எனக்கே என்மேல் ஒரு மரியாதை.

அவருக்குச் சொன்னேன்:
நாலு சிலிண்டரில் இரண்டு ஏற இரண்டு இறங்கும், கணக்கு நேராகிவிடும்.
மூன்றில் ஓரத்து இரண்டும் சீசா பலகையில் உட்கார்ந்த மாதிரி
ஒன்றையொன்று தூக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கும்.
நிமிஷத்துக்கு எண்ணூறு சுற்றில்
நொடிக்கு இருபது வெடிப்பு.
அதை உங்கள் வரை விடாமல் விழுங்குவதுதான் மவுண்டின் வேலை.
அவர் கேட்டார்: "பழசு இருக்கா?"
கிழிந்ததைத் திரும்ப மாட்ட முடியாது என்றேன்.
குரல் கொஞ்சம் அதிகாரமாக வந்துவிட்டது.

தென்னைக்குக் கீழே நிறுத்தினோம்.
ஏசியை அணைத்தேன், விளக்கை அணைத்தேன்.
சுமை குறைய முள் எழுநூற்றைம்பதுக்கு இறங்கியது,
எங்கோ ஆழத்தில் சின்னதாய் ஒரு உதறல்,
பின்சீட்டில் கை வைத்தால் தெரியும்.
பழையதில் பாதிகூட இல்லை.
ஷெரின் பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் போட்டுக்கொண்டாள்.
ஒரு மணி நேரத்துக்கு முக்கால் லிட்டர் போகும் என்று
சொல்ல வாயெடுத்தேன், கிங்ஸ்டன் உதட்டில் விரல் வைத்தார்.
ஒரு கண் மூடியது.
இன்னொன்று என் பேட்ஜையே பார்த்துக்கொண்டிருந்தது,
ரொம்ப நேரம்.

இனி வண்டியை எடுக்க முடியாது. ரோட்டுக்கு நடந்து பஸ் ஏறினேன்.
ஆறு சிலிண்டர் டீசல், மவுண்ட் எல்லாம் எந்தக் காலத்திலோ போயிருக்கும்.
ஜன்னல் கம்பி, டிக்கெட், என் தாடை எல்லாம் அதிர்ந்தன.
பாலம் வந்தது நினைவிருக்கிறது.
இறங்கியது நினைவில்லை.
ராமநாதபுரத்தில் கண்டக்டர் தோளைத் தட்டினார்.
ஜாப் கார்டு மடியில் விரிந்திருந்தது,
குறை என்ற கட்டம் இன்னும் நிரப்பாமல்.