சுமை அதிகம்

கழுத்தில் இரண்டு வட்டு தேய்ந்துவிட்டதாம்.
பன்னிரண்டு நாள் குனிந்து கீழே பார்க்கக் கூடாதாம்.
கிதினியா துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரத்துக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து
கீழே பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"அப்படியானால் நேராகப் பார்" என்று
அடுத்த ஷிஃப்ட் வித்தோல்ட்
தன் பழைய விளையாட்டுப் பெட்டியைத் தூக்கி வந்தான்.
டிவிக்குப் பின்னால் தவழ்ந்து வயர் சொருகினான்,
ஜாடியிலிருந்து இரண்டு புளித்த வெள்ளரியை
வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

முதலில் ஒரு முகம் கேட்டது.
மூக்குக்கு ஒரு கோடு, தாடைக்கு ஒரு கோடு,
கண்ணுக்கும் கண்ணுக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கும் ஒன்று.
என் கல்யாணத்தன்றுகூட
கண்ணாடி முன்னால் இவ்வளவு நேரம் நின்றதில்லை.
புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு வைத்தேன்,
பாவமாக இருந்தது, எடுத்துவிட்டேன்.
பெயர்? போக்னா. வேறெதுவும் தோன்றவில்லை.
வீரன், திருடன், மந்திரவாதி, கதியற்றவள்.
கதியற்றவளுக்கு ஒரு தடியும் கந்தலும் மட்டும்.
அதைத்தான் எடுத்தேன்.
மலிவு எங்கேயோ அங்கே போகிற கை.

ஆட்டம் தொடங்கியது.
திரையில் என் முதுகு.
நாற்பது நிமிடம் இழைத்த முகம் அந்தப் பக்கம்
எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறது.
ஐம்பத்தொரு வருடமாக நான் பார்த்தேயிராத ஒன்று
இனி எந்நேரமும் கண்முன்னால்.

குச்சியைப் பின்னுக்கு இழுத்தால்
கொக்கி மேலே வர வேண்டும்.
இருபத்திரண்டு வருடமாக வந்திருக்கிறது.
இங்கே இழுத்தால் தரை, தள்ளினால் வானம்.
முதல் கோணல்.
எதிரே வந்த காட்டுப்பன்றியை அடிக்கப் போய்
மேகத்தை அடித்தேன்.
'மாண்டாய்' என்றது திரை,
வானிலை அறிக்கையின் நிதானத்தில்.
மாண்டாய். மாண்டாய்.
நான்காவது தடவை வித்தோல்டுக்குப் போன் போட்டேன்.
பின்னணியில் என் கிரேன், என் காற்று.
"அமைப்புகளுக்குள் போ. 'தலைகீழ்' என்று இருக்கும். டிக் போடு."

போட்டேன்.
உலகம் உள்ளங்கைக்குள் வந்து உட்கார்ந்தது.
பன்றி செத்தது. தோல் ஒன்று, கொழுப்பு இரண்டு.
மூன்றாவது பன்றிக்குப் பிறகு
'சுமை அதிகம்' என்று நின்றுவிட்டாள்.
நாற்பது டன்னை ஒரு விரலால் இறக்குகிறவளிடம்
பேசுகிற பேச்சா இது!
கொழுப்பைக் கீழே போட்டேன்.

அம்புக்குறி கிராமத்துக்குப் போ என்கிறது,
அங்கே ஒரு கொல்லன் காத்திருக்கிறானாம்.
ஆற்றுக்கு அப்பால் ஒரு கோபுரம் தெரிகிறது,
கோபுரத்தில் ஏணி.
ஏணியைக் கண்டால் என் கால் யாரையும் கேட்பதில்லை.
நூற்று முப்பத்தாறு படி, எண்ணினேன்.
மேலே காற்று. மஞ்சள் காடு, பாதி இடிந்த கோட்டை,
அதற்குப் பின்னால் இறக்கை மடித்துத் தூங்கும் ஏதோ ஒன்று.
கைப்பிடி இல்லை.
பெல்ட் மாட்டுவதற்கு ஒரு வளையம்?
தேடினேன், நிஜமாகவே தேடினேன்.

தினமும் காலையில் முதல் படியில் கால் வைக்கும்போது
விழுந்தால், என்று ஒரு நினைப்பு வரும்.
மருத்துவப் படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு எதிரே
'இல்லை' என்றே எழுதுவேன்.
வித்தோல்டும் அப்படித்தான் எழுதுவான் என்று நினைக்கிறேன்,
கேட்டதில்லை.

குச்சியை மெல்ல முன்னே தள்ளினேன்.

போக்னா சத்தம் போடவில்லை.
கேமரா கொஞ்சம் பின்தங்கியது,
அப்போதுதான் திரும்பியது அந்த முகம்.
தழும்பில்லாத நெற்றி.
தலைகீழாக, ஒரு நொடி,
ஆச்சரியமே இல்லாமல் என்னைப் பார்த்தது.

மாண்டாய்.

பிறகு தீமூட்டத்தின் அருகே உட்கார்ந்திருந்தாள்.
தடி இருந்தது. தோலும் இருந்தது.
என் கைதான் ஈரம்.
ஜன்னலுக்கு வெளியே துறைமுக விளக்குகள்,
ஏழாம் நம்பர் கிரேன்
எதையோ மெதுவாக இறக்கிக்கொண்டிருந்தது.

கொல்லன் இன்னும் காத்திருக்கிறான்.
நான் தேநீரைச் சூடு பண்ணிக்கொண்டு வந்து
ஏணியை நோக்கி நடந்தேன்.