மிச்சம்

வங்கியில் அந்தச் சின்னப் பெட்டி
சிவப்பாகவே எரிந்துகொண்டிருந்தது.
"தலையில தேச்சுட்டு வையுங்க" என்றார் எழுத்தர்.
தனக்கோடி தலையில் தேய்த்துவிட்டு வைத்தாள்.
"முந்தானையில தொடச்சுட்டு."
துடைத்துவிட்டு வைத்தாள்.
பின்னால் நின்ற லாரிக்காரர் கடிகாரம் பார்த்தார்.

இருபத்தாறு வருஷம்
காடாம்புலியூர்க் கொட்டகைகளில் முந்திரி உடைத்த கை.
ஓட்டின் பால் முதலில் தோலைக் கருக்கும்,
பிறகு உரிக்கும்,
பிறகு கேட்காமலே ரேகையை எடுத்துக்கொள்ளும்.
சாம்பல் தொட்டு உடைத்தாலும் எடுக்கும்.

கம்பெனி தொடங்க வந்திருந்தோம்.
முப்பது பேர், தலைக்கு ஆயிரம் ரூபாய்ப் பங்கு.
பாதிப் பேருக்கு அந்த ஆயிரமே கடன்.
பத்தாவது படித்ததாலும்
பெட்டி என் விரலை மட்டும் முதல் தடவையே ஒத்துக்கொண்டதாலும்
நான் செயலாளர்.
படிவத்தில் தொழில் என்ற கட்டம் வந்ததும்
பழகிய கை கூலி என்று எழுதிவிட்டது.
அடித்துவிட்டு மேலே பங்குதாரர் என்று எழுதினேன்.
இடம் போதவில்லை,
கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிப் போய் நின்றது.

முதல் வருஷம் நட்டம்.
தானேயில் சாய்ந்த தோப்புகளில் வைத்த கன்று
இடுப்புயரம்தான் வந்திருந்தது.
தூத்துக்குடியில் கப்பலிறங்கிய கொட்டைக்கு
முன்பணம் இல்லாமல் சாக்கைத் தொடவிடவில்லை.
ஐப்பசி மழையில் ஆதிலட்சுமி வந்தாள்,
புருஷனுக்குச் சிறுநீரகம்,
பங்கைத் திருப்பித் தரச் சொன்னாள்.
இருந்ததை எண்ணிக் கொடுத்துவிட்டு
"மீதி இப்ப முடியாதுக்கா" என்றேன்.
பழைய முதலாளியின் குரல் என் தொண்டையில் இருந்தது.
மறுநாள் அவரிடமே வேலைக்குப் போய்விட்டாள்.
அதை வரவில் எழுதுவதா செலவிலா,
இன்றுவரை தெரியவில்லை.

இரண்டாம் வருஷம்
செலவெல்லாம் போக மிச்சம்
நாற்பத்தோராயிரத்து நூற்றெண்பது.
ஞாயிற்றுக்கிழமை, எடைபோடும் கொட்டகையில் கூட்டம்.
பிரித்தால் தலைக்கு ஆயிரத்து நானூற்றிருபது
என்று நான் சொல்லி முடிக்கவில்லை,
பூங்காவனம் எழுந்தாள்:
"கையுறை வாங்கலாம். முழங்கை வரைக்கும் வர்றது."

"உறை போட்டா கை ஓடாதுடி.
நாளைக்கு ரெண்டு கிலோ கொறையும்."
"கிலோ கணக்குல கூலின்னு வச்சது யாரு?"
"மொதலாளி."
"எந்த மொதலாளி?"

எல்லோரும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தோம்.
வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது.

சிரித்து ஓய நேரமானது.
எஸ்தருக்குப் புரையேறி
தண்ணீர்க் குடத்தைத் தேடினார்கள்.
அப்புறம் கை தூக்கச் சொன்னேன்:
கறுத்தவை, பாதி உரிந்து சிவந்தவை,
நகமே இல்லாத ஒன்று.
உறைக்குப் பதினைந்து, பணத்துக்குப் பதினாலு.
பதினாலில் ஒன்று என்னுடையது.
சின்னவன் பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வேண்டியிருந்தது.
அதையும் நடவடிக்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறேன்.
நாள்கூலி என்று மாற்றியதை அதற்கடுத்த வரியில்.

உறைகள் அட்டைப்பெட்டியில் வந்தன,
புது டயர் வாசனையோடு.
முதல் வாரம் முழுப்பருப்பு குறைந்து துண்டு கூடியது.
டீக்கடையில் அவர்கள் ஆட்கள்
"ராணிங்க கையுறை போட்டு ஒடைக்கிறாங்க" என்றார்கள்.
துண்டை மிட்டாய்க்கடைக்குப் பாதி விலையில் தள்ளினோம்.
தூக்கம் வராத வாரம் அது.

தனக்கோடி ஜோடியைப் பிரித்து
ஒன்றை என் மேசைமேல் வைத்தாள்.
"வலது போனது போச்சு.
எடதுல இன்னும் கொஞ்சம் நானு இருக்கேன்,
அதுக்கு மட்டும் போதும்."

இருப்பு ஏட்டில் எழுதினேன்:
வலதுகை உறை, ஒன்று, திரும்ப வந்தது.
யாருக்குக் கொடுத்தது என்ற கட்டத்தை நிரப்பவில்லை.

சாயங்காலப் பேருந்தில் அது என் மடியில் இருந்தது,
விரல்கள் விறைத்து, யாரையோ நிறுத்துவதுபோல்,
ஆதிலட்சுமியின் ஊர் வரும்வரைக்கும்.