மேசைக்கு அடியில் ஒரு கணக்கு

நாலு ரோடு கிளினிக்கில் ஷாஹிதா
என்னைப் பக்கவாட்டில் நிற்க வைத்து
ஒரு போட்டோ எடுத்துக் காட்டினாள்.
காதுக்கு நேர் கீழே தோள் இருக்க வேண்டுமாம்.
என் தலையோ
கிளிமூக்கு மாங்காயின் மூக்குப் போல
உடம்பை விட்டு முன்னால் கிளம்பியிருந்தது,
யாரையோ விசாரிக்கப் போகிறாற்போல.

பதினாறு வருஷம்
ஆத்தூர் ரோட்டு ஜவ்வரிசி மில்லில்
எந்த லாரி, எத்தனை மூட்டை, கிழங்கு எத்தனை பாயிண்ட் என்று
குனிந்து எழுதினேன்.
பிறகு குனிந்து தட்டினேன்.
கம்ப்யூட்டர் வந்து மாற்றியது பேனாவை மட்டும்.

"நடுமுதுகுல எலும்பு பன்னெண்டுங்க்கா.
ஏற்காட்டுக்கே இருபது கொண்டை ஊசி.
முதல் கியர்லயே ஏறுங்க.
இழுக்கிற மாதிரி இருக்கலாம்.
வலிச்சா அங்கயே நிறுத்திருங்க."

அம்மாப்பேட்டை வாடகை வீட்டில்
விடியுமுன் சுவரோடு முதுகு ஒட்டி நின்றேன்.
கைகளை உயர்த்தி
முழங்கையும் மணிக்கட்டும் சுவரை விடாமல்
மேலே, மெல்லக் கீழே.
போலீசிடம் மாட்டியவன் போல.
முழங்கை ஒட்டினால் மணிக்கட்டு கழன்றது.
காலண்டர் ஆணி வேறு.
பக்கத்து வீட்டு மிக்ஸி தேங்காய் அரைக்கும் அதிர்வு
சுவர் வழியே என் தோள்பட்டை எலும்புக்குள் இறங்கியது.
அப்படியொரு எலும்பு
அங்கே இருப்பதே எனக்குச் செய்தி.

மில்லில் மானிட்டருக்கு அடியில்
பழைய பேரேடு இரண்டை அடுக்கி உயர்த்தினேன்.
சின்னப்பையன் எட்டிப் பார்த்துக் கேட்டான்,
"ஆடிட்டுங்களா மேடம்?"

துண்டைச் சுருட்டிப் போட்டு
அதன்மேல் மல்லாந்து படுப்பது அடுத்தது.
கூடத்தில் பவிஷ் தூங்குகிறான்,
படுக்கையறையை பீரோ தின்றுவிட்டது,
மிச்சமிருந்த ஆறடி
சாப்பாட்டு மேசைக்கு அடியில்தான்.
முழங்காலை மடக்கி, பிடரியில் கை கோத்து,
மூச்சை விட விடத்
தலையைப் பின்னால் சாயவிட்டேன்.
சுருட்டிய துண்டு,
யாரும் தட்டாத கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

நான்காம் நாள்
கண்ணுக்கு நேரே, மேசையின் அடிப்பலகையில்
மங்கலாகப் பென்சில் எழுத்து.
கால் நாலு, 1600.
பலகை, 2850.
கூலி, 1700.
ஆக 6250.

கூட்டினேன்.
மறுபடி கூட்டினேன்.
சேட்டு ஆசாரி எனக்கு நூறு ரூபாய் தர வேண்டும்.
பதினொரு வருஷமாய்
அந்தத் தப்பின்மேல் இலை போட்டுச் சாப்பிட்டிருக்கிறோம்.

சிரிப்பு வந்தது.
சிரிப்பு எப்போதும் தொண்டையோடு நின்றுவிடும் எனக்கு.
இன்று நெஞ்சுக்கூடு அகலமாய்த் திறந்திருந்ததால்
உள்ளே எல்லா இடமும் போய்வந்தது.
இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே
டொக்கென்று ஏதோ ஒன்று
உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தது.

"அம்மா, விழுந்துட்டியா?"
போர்வைக்குள்ளிருந்து பவிஷ்.

"இல்லடா,
கணக்குப் பாக்குறேன்."

"படுத்துக்கிட்டா?"

பதில் சொல்லவில்லை.
இன்னும் ஆறு மூச்சு பாக்கி.