ஒரே கொக்கி

வீட்டுக்காரர் கோமதிநாயகம் சார்
வாடகைப் பத்திரத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறார்:
சுவரில் ஆணி கூடாது,
தளத்தில் துளை கூடவே கூடாது.
தச்சநல்லூரில் எங்கள் மாடிவீட்டுப் பின்னறைக்கு
ஆக மொத்தம் ஒரே கொக்கி.
அதில் ஃபேன் தொங்குகிறது.

இது சித்திரை.
குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரில்
அப்படியே காப்பி கலக்கலாம்.
மாரிச்செல்விக்கு எட்டாம் மாதம்.
ஃபேனா தொட்டிலா என்று
பதினோரு நாளாக அண்ணாந்து பார்க்கிறேன்.

"தொட்டில அப்புறம் பாத்துக்கிடலாம்,
பிள்ள மொதல்ல வரட்டும்" என்கிறாள்.
அந்த 'மொதல்ல'வை மட்டும்
தூங்குகிறவர் பக்கத்தில் செம்பை வைப்பதுபோல
சத்தமில்லாமல் வைப்பாள்.

அறை என்று பேர்தான்.
நான் மோட்டார் வைண்டிங் கட்டுகிறவன்.
கருகிய மோட்டார் ஏழு, செம்புக்கம்பிச் சுருள்,
வார்னிஷ் வாடை,
கங்கைகொண்டான் அண்ணாச்சி ஒருவர்
பொங்கலுக்கு முன்னால் போட்டுவிட்டுப் போன
அரை எச்பி ஒன்று.
கட்டி முடித்தாயிற்று, பணமும் வரவில்லை
ஆளும் வரவில்லை.

எல்லாவற்றையும் பைய இறக்கி
படிக்குக் கீழே அடுக்கினேன்.
இரும்பு ஷெல்ஃபை நகர்த்தினால்
மேற்கே பார்த்து ஒரு ஜன்னல்.
இப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றால்
பொய்.
மூன்று வருசத்துக்கு முன்னால்
ஷெல்ஃபைக் கொண்டுபோய் அங்கே சாய்த்தது நான்தான்.

ஜன்னலைச் சுற்றி மஞ்சள் சுவர்.
போன தடவை அடித்தது.
ஒரு சுவர் முடித்திருந்தபோது
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.
இரண்டு பேராகப் போய்
இரண்டு பேராகவே ஆட்டோவில் திரும்பினோம்.
மூலையில் அந்த டப்பா இன்னும் இருந்தது.

மூடியைத் திறந்தால் பெயின்ட் ஆடை கட்டியிருந்தது,
செருப்புத் தோல் கனத்துக்கு.
டெஸ்டரை வைத்துக் குத்தினேன்.
அடியில் மஞ்சள்
காயவே இல்லை.

அவளிடம் சொல்லவில்லை.
வாடை சொல்லிவிட்டது.
நிலைப்படியில் வந்து நின்றாள், பார்த்தாள்,
ஒன்றும் பேசாமல் போனாள்.
அடுப்படியில் குழாய் வெகுநேரம் ஓடியது.
பிறகு அங்கிருந்தே குரல்:
"டர்பன்டைன் ஊத்தாம அடிச்சா
திட்டுத் திட்டாத்தான் நிக்கும்."

இரண்டாவது சுவரில் இடுப்பளவோடு டப்பா தீர்ந்தது.
மேலே பழைய வெள்ளை, கீழே மஞ்சள்,
இரண்டும் சேர்கிற இடத்தில் கோடு
குடித்தவன் நடைபோல.
"தவழுத பிள்ளைக்கு அம்புட்டு ஒயரம் போதும்லா."

ஜன்னல் கொண்டிக்கு எண்ணெய் விட்டேன்.
ஆனி பிறந்தால் செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று வரும்,
அதோடு சேர்ந்து பிள்ளையும் வரும் என்பது கணக்கு.
ஃபேனைக் கழற்றிக் கட்டிலடியில் வைத்தேன்,
றெக்கைகளைத் துணியில் சுற்றி.

ஆனால் கொக்கி தாங்க வேண்டுமே.
அவளுடைய கத்தரிப்பூச் சேலை,
சாயம் போய் மெத்தென்று ஆனது,
அதை இரட்டை முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டு
கங்கைகொண்டான் மோட்டாரை உள்ளே கிடத்தினேன்.
ஒன்பது கிலோ.
மூன்று கிலோ பிள்ளைக்கு மூன்று மடங்கு,
இது தொழில் கணக்கு.
சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்டினேன்.
கொக்கி கிரீச்சென்றது,
நாலைந்து ஆட்டத்தில் பழகிக்கொண்டது.
சோதனை முடிந்துவிட்டது.
கை நிற்கவில்லை.

எவ்வளவு நேரமாக நின்றிருந்தாளோ.
"ஏது, பிள்ளைக்கு எண்ணெயெல்லாம் தேச்சாச்சு போல.
குளுப்பாட்டிட்டியளா?"

நான் பதில் சொல்வதற்குள்
போன் அடித்தது.
நாலு மாதம் கழித்து, பார்த்து, இன்றைக்கு
கங்கைகொண்டான்.
"தம்பி, நம்ம மோட்டாரு என்னாச்சு?"

"தூங்குது அண்ணாச்சி" என்றேன்.
என்னை அறியாமல் குரல் இறங்கியிருந்தது.

"என்னது?" என்றார் அவர்.
மாரிச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்து
சேலை விளிம்பைப் பிடித்து
ஒரே ஒரு தடவை
ஆட்டிவிட்டுப் போனாள்.