ஐந்தாம் தளத்து நாற்காலி

ருஸ்தாவியில், பழைய உருக்காலைக்குப் பின்புறம்,
எங்கள் ஒன்பது மாடிக் கட்டடத்தின் லிஃப்ட்
நவம்பரில் நின்றது.
நின்றது என்றால்
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே,
உள்ளே ஷோரேனாவும் ஒரு மூட்டை உருளைக்கிழங்கும்.
ஷோரேனாவை இடுக்கு வழியே இழுத்தெடுத்தோம்.
மூட்டை இருட்டில் கிடந்து
வெள்ளை வெள்ளையாக முளைவிட்டது.

அதன் பிறகுதான் படிகளுக்கு ஆள் வந்தது.
ஆறாம் மாடியில் ஒருவர் கிளாரினெட் ஊதுகிறார்.
பதினோரு வருடமாக நான் அதைத்
தண்ணீர்க் குழாயில் சிக்கிய காற்று என்றிருந்தேன்.
ஐந்தாம் தளத்தில் யாரோ
சாய்மானம் உடைந்த நாற்காலி ஒன்றைப் போட்டார்கள்.
மூச்சு வாங்கியவர்கள் உட்கார்ந்தார்கள்,
பிறகு, வாங்காதவர்களும்.

ஒன்பதாம் மாடி நானுலியின் மகன் வாஜா மட்டும் வரவில்லை.
சக்கர நாற்காலிக்குப் படி தெரியாது.
நான்கு மாதம்
ஜன்னல் கண்ணாடி அளவுதான் அவன் வானம்.

நோட்டும் பேனாவுமாகக் கதவு கதவாகத் தட்டினேன்.
சிலர் பணம், சிலர் ‘அடுத்த மாதம்’,
ஒருத்தி ஒரு பை வால்நட்;
விற்று வரவில் ஏற்றினேன்.
நகராட்சியில் முத்திரை கிடைத்தது,
மோட்டார் கிடைக்கவில்லை.

தரைத்தளத்துக் கோச்சா கதவைப் பாதி திறந்தான்:
“நான்தான் ஏறுவதே இல்லையே, எதற்குக் கொடுக்கணும்?”
நியாயம்தான்.
அவன் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டேன்.
கொஞ்சம் அழுத்தியே போட்டேன்.

வெல்டிங்காரர்கள் கரண்ட் கேட்டார்கள்.
பொது மீட்டர் தாங்காது என்றார்கள்.
கோச்சாவின் ஜன்னலிலிருந்து
கறுப்பு ஒயர் ஒன்று வெளியே வந்தது.
மூன்று நாள்.
மூன்று நாளும் மீட்டர் ஓடுவதைப் பார்த்தபடி
அடுத்த தெருவுக்குக் கேட்க எங்களைத் திட்டினான்.
ஒயரைப் பிடுங்கவில்லை.
இதை எந்தப் பத்தியில் எழுதுவது?
கோட்டை அழிக்காமல்
பக்கத்தில் சின்னதாக ஒரு மின்னல் வரைந்தேன்.

மார்ச்சில் லிஃப்ட் அசைந்தது.
வாஜா கீழே வந்து, வாசலில் நின்று,
“வெளியே இவ்வளவு இரைச்சலா?” என்று
காதைப் பொத்திக்கொண்டான்.
மீண்டு வந்த கிழங்குகளை ஷோரேனா
யாரையும் கேட்காமல் முற்றத்தில் ஊன்றினாள்.

இப்போது நாணயம் போட்டால் கதவு திறக்கிறது.
யார் முகத்திலும் விழிக்காமல்
ஏழாம் மாடி சேர்கிறேன்.
இதற்குத்தானே அலைந்தோம்.

நாற்காலியை யாரும் எடுக்கவில்லை.
நேற்று, கையில் சில்லறை இருந்தும், படியேறினேன்.
ஐந்தாம் தளத்தில் கோச்சா.
ஏறுவதே இல்லாதவன்.
“மூச்சு வாங்குது” என்றான்,
எழுந்து எனக்கு இடம் விட்டான்.
மேலே கிளாரினெட்
அதே இடத்தில் மறுபடியும் தப்பாகப் போனது.